படுத்துத் தூங்க ஒரு ரூம்

என் நங்கையாவுக்கு,

உங்கள் அம்மிணி எழுதுகிறேன். நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்ததும் வந்துவிட்டது. ஊருக்குத் திரும்புகிற பிரிவில் ராசிபுரம் பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டால் இன்னமும் ஒரு தடவை வாசலை எட்டிப் பார்க்கிறேன். கட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெயிலைத் திட்டியபடி, "ஏன் அம்மிணி, கொளம்பு என்ன?" என்று கேட்டுக்கொண்டே வருவீர்களே. அந்த நினைப்பு போக மாட்டேன் என்கிறது.

வேறு யாராவது இதைப் படித்தால் குழம்பக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். மூத்தவர் உங்கள் அண்ணன், எங்களுக்குப் பெரியவர்; நடுவில் நீங்கள், கடைசியில் என் வீட்டுக்காரர். எனக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. நீங்கள் ஒருநாளும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, உங்களுக்கு நான் அம்மிணிதான்.

சேதி என்னவென்றால், நம் பையன் கார்த்திக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பெண் திருச்செங்கோட்டுப் பக்கம். உங்களுக்குப் பிடித்துப்போயிருக்கும், கூச்சப்படாமல் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற பெண். ஆனால் இந்தக் கல்யாணப் பேச்சோடு உங்கள் ரூமுக்கு ஒரு ஆபத்தும் சேர்ந்து வந்தது. அதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அந்த ரூம் உங்களுக்கு வந்த நாள்தான் முதலில் ஞாபகம் வருகிறது. மாமனார் காலமாகிக் காரியமெல்லாம் முடிந்திருந்தது. பெரியவர் அப்போது போர்வெல் வண்டி வைத்திருந்தார். வண்டி வடக்கே எங்கேயோ வேலையில்லாமல் நிற்க, இங்கே அவருக்குக் கடன் கழுத்தை நெரிக்கிற நிலைமை. வீட்டை மொத்தமாக விற்றுவிடலாம், வாங்குகிறவர் இடித்துக் குடோன் கட்டப் போகிறார், ஆள் பேசியாகிவிட்டது என்றார். இவர் சரி என்றுவிட்டார். அண்ணன் எதிரில் இவர் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. நாம் எங்கே போய்க் குடியிருப்பது என்று நான் கேட்டதற்கு, அண்ணன் ஏதாவது பண்ணுவார் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மகள் சுகந்தி அப்போது கைக்குழந்தை. அவளை மடியில் போட்டுக்கொண்டு உத்திரத்தைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருந்தேன்.

பாக்கி இருந்தது உங்கள் கையெழுத்து ஒன்றுதான். கட்டிக்கொடுத்த பெண் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதை நம் பக்கம் யாரும் கேள்வி கேட்பதில்லை. பட்டுப்புடவை எடுத்துக் கொடுப்பார்கள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு எதற்கு, அண்ணன் தம்பி நன்றாக இருந்தால் போதும் என்பாள். நானும் அப்படிப் போட்டவள்தான். என் தம்பி அன்றைக்கு எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தான். நன்றாகத்தான் இருந்தது.

உங்களுக்கும் புடவை எடுத்து வைத்திருந்தார்கள். பத்திரம் எழுதுகிறவர் கடையில் பெஞ்சு நிறைய உறவுக்காரர்கள். அவர் காகிதத்தை உங்கள் பக்கம் திருப்பி, பேனாவைத் திறந்து நீட்டினார். நீங்கள் அதை வாங்கவில்லை.

"நான் கையெழுத்துப் போடறதில்லீங்க."

நீங்கள் கோபமாகச் சொல்லவில்லை. வேண்டாத காயைக் கூடையில் திருப்பிப் போடுகிறவர்கள் சொல்வதுபோலச் சொன்னீர்கள். பெரியவர் சிரித்தார். நீங்கள் இன்னும் கொஞ்சம் எதிர்பார்க்கிறீர்கள் என்று நினைத்துவிட்டார் பாவம். உனக்கு என்ன வேண்டும், வெளிப்படையாகச் சொல் என்று கேட்டார்.

"எனக்கு அந்த ஊட்டுல கிழக்கால ரூம் வேணுமுங்ணா. பூட்டு சாவி என்ர கையில இருக்கோணும்."

"ரூமை வெச்சு நீ என்ன பண்ணுவே?"

"வந்தா, படுத்துத் தூங்குவனுங்க."

கடையே சிரித்தது. பத்திரம் எழுதுகிறவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஓயட்டும் என்று காத்திருந்துவிட்டுப் பெரியவரைப் பார்த்துக் கேட்டீர்கள்: "உங்க கல்யாணத்துல இணைச்சீருக்கு என்னைய நிக்க வெச்சீங்களே, எதுக்குன்னு நெனச்சீங்க? போட்டோவுக்கா?"

அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. நம் சனத்தில் மாப்பிள்ளை தாலி கட்டும் முன்னால் அவனுடைய அக்காளையோ தங்கையையோ கூட நிறுத்தி இணைச்சீர் செய்வோம். புதுப்புடவையின் ஒரு தலைப்பு அவன் கையில் இருக்கும், இன்னொரு தலைப்பு அவள் கையில். இன்னொருத்தி வீட்டுக்கு வந்தாலும் கூடப் பிறந்தவள் விட்டுப்போகமாட்டாள் என்பதற்காகத்தான் அது என்று சடங்கு நடத்துகிற அருமைக்காரர் சொல்லுவார். மணவறையில் அதைக் கேட்டு எல்லோரும் தலையாட்டுவோம். பத்திரம் எழுதுகிற கடையில் அதை ஒரு பெண் திருப்பிக் கேட்டது, எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். என் கல்யாணத்திலும் இவர் பக்கத்தில் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நீங்கள். அன்றைக்கு உங்கள் புடவை நிறத்தைத்தான் பார்த்தேன். உங்களை நான் பார்த்தது அந்தக் கடையில்தான்.

ஒரு ரூமை விட்டுவிட்டு வீட்டை யார் வாங்குவார்கள்? குடோன்காரர் அன்றைக்கே எழுந்து போய்விட்டார். ரோட்டடி நிலத்தைப் பெரியவர் தன் பங்காக எடுத்துக்கொண்டு, உன் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டுச் சேலத்துக்கு, கொண்டப்பநாயக்கன்பட்டிக்குக் குடிபோனார். கிழக்கு ரூம் உங்களுக்கு, மற்ற வீடு எங்களுக்கு என்று ஆனது. நாங்கள் தெருவுக்கு வராமல் இருந்தது உங்களால். ஆனாலும் அண்ணன் பேசவில்லை என்பதற்காக இவரும் உங்களோடு பேச்சை நிறுத்தினார். நீங்கள் காப்பாற்றிக் கொடுத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் வந்தால் கொல்லைப்பக்கம் போய்விடுகிற மனுசனை என்னவென்று சொல்வது?

ஊரில் பேசாத பேச்சில்லை. ஆசைக்காரி என்றார்கள். ரூமை வாடகைக்கு விடப்போகிறாள் என்றார்கள், நகையை ஒளித்துவைக்க இடம் பிடித்திருக்கிறாள் என்றார்கள். நீங்கள் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து பஸ் ஏறி, சேலத்தில் மாறி, பிரிவில் இறங்கி நடந்து வருவீர்கள். பூட்டைத் திறந்து, கூட்டி, சன்னலைத் திறந்து வைத்து, கட்டிலில் பாயை விரித்துப் படுப்பீர்கள். கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் சமையல்கட்டுவரை கேட்கும். டீ போடுகிற நேரத்துக்குக் கலைந்த கொண்டையோடு எழுந்து வந்து, டீயைக் குடித்துவிட்டு, ரூமைப் பூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடுவீர்கள். அவ்வளவுதான். முதல் தடவை சன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு எனக்கே சப்பென்று ஆகிவிட்டது.

ஒருநாள் கேட்டேவிட்டேன், இவ்வளவு சண்டை இதற்காகவா என்று. நீங்கள் டம்ளரை உருட்டிக்கொண்டே சொன்னீர்கள். "கட்டிக்கிட்டுப் போன ஊட்டுல படுத்தா ஒடம்பு தூங்கும், காது தூங்காது அம்மிணி. யாரு கூப்படறாங்க, பாலு பொங்குதான்னு அது முழிச்சிட்டே கெடக்கும். இங்க வந்தா காதும் தூங்கிப்போகுது."

எனக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை. என் தம்பி வீட்டுக்கு நான் போனால் நாற்காலி போடுவான். ஃபேனைத் திருப்பி வைப்பான். தம்பி பெண்டாட்டியும் நல்லவள், பலகாரம் செய்துதான் அனுப்புவாள். நான் அந்த வீட்டில் பிறந்தவள், ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அங்கே ஒரு மத்தியானம் கால் நீட்டிப் படுத்ததில்லை. சாயங்கால பஸ்ஸுக்கு வந்துவிடுவேன். அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை, நீங்கள் சொல்லும்வரைக்கும்.

சுகந்தி காதுகுத்துக்கு நீங்கள் வந்தது ஞாபகம் இருக்கிறதா? பெரியவர் வருகிறார் என்பதால் உங்களுக்குச் சொல்லவில்லை. வாசலில் பந்தல், மைக்செட்டு அலறிக்கொண்டிருந்தது. நீங்கள் பாட்டுக்கு வந்தீர்கள். பெரியவர் முகம் கறுத்துப்போய், கூப்பிடாத இடத்துக்கு வருவதா என்று காதில் விழும்படி யாரிடமோ சொன்னார். நீங்கள் நின்று, கும்பிட்டு, "நான் விசேசத்துக்கு வரலீங்ணா. என்ர ரூமுக்கு வந்தேன்" என்றீர்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த மைக்செட்டு சத்தத்திலும் தூங்கினீர்கள் பாருங்கள், எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் பந்தி நடுவில் இருந்து எழுந்து ஓடிவிட்டேன். கூட்டம் கலைந்த பிறகு வெளியே வந்து, பையிலிருந்து ஒரு கொலுசை எடுத்துக் குழந்தைக்குப் போட்டுவிட்டீர்கள். அது அழுது ஓய்ந்து உங்கள் மடியிலேயே படுத்துக்கொண்டது.

உங்கள் தம்பியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், நீங்கள் தூங்கியதால் பார்த்திருக்க மாட்டீர்கள். பேசாமல் இருந்த அந்த வருஷங்களில்கூட, மழைக்கு முன்னால் ஓடு மாற்ற ஏணி போட்டால் முதலில் ஏறுவது உங்கள் ரூமுக்கு மேலேதான். எங்கள் அடுப்படி ஒழுகும், உங்கள் கட்டிலில் ஒரு சொட்டு விழாது. வாயில் இல்லாத பாசம் அந்த மனுசனுக்குக் கையில் இருந்தது. அப்புறம் ஒரு சித்திரை வெயிலில் கரண்டு போய்விட, இவர் உங்கள் கதவுக்கு வெளியே நின்று, "அக்கா, முற்றத்துல காத்து வருது, அங்க வந்து படுங்க" என்றார். உள்ளேயிருந்து, "வேண்டாஞ் சாமி, இங்கயே நல்லாத்தான் இருக்குது" என்றீர்கள். இரண்டு பேரும் சண்டையைப் பற்றி அதற்குப் பிறகும் பேசவில்லை. பேச்சு மட்டும் திரும்பி வந்துவிட்டது.

சுகந்தியைக் கட்டிக்கொடுத்த வருஷம், நீங்கள் யாரையும் கேட்காமல் ரூமை அவள் பேருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தீர்கள். கார்த்திக்கு வீடே இருக்கிறது, இவளுக்கு ஒரு கதவாவது இருக்கட்டும் என்றீர்கள். உங்கள் மகனும் பெரிய மனசுக்காரன், அம்மா தூங்கின ரூம், எனக்கு எதற்கு என்றுவிட்டான். இவர்கூட அன்றைக்குச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

நீங்கள் கண்ணை மூடிய அன்று பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை எடுத்துக்கொண்டு பெரியவர் வந்தார். நீங்கள் இருக்கும்போது உங்கள் வாசலுக்கு வராதவர். புடவையை உங்கள் மேல் போர்த்திவிட்டு, என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: "அவ அந்த ரூம்ல என்னதான் பண்ணுவா?"

தூங்குவாங்க என்றேன்.

"வேற ஒண்ணுமில்லையா?"

இல்லீங்க மாமா, தூங்குவாங்க, எந்திரிச்சு டீ குடிப்பாங்க, போயிருவாங்க என்றேன். அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டார். இத்தனை வருஷமும் நீங்கள் அவரைத் தோற்கடிக்கத்தான் அந்த ரூமை வாங்கினீர்கள் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு அவர் அழுததை நான்தான் பார்த்தேன். உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

இனி ஆபத்துக்கு வருகிறேன். கார்த்திக்குப் பேசியிருக்கிற பெண்ணின் மாமா நம் வீட்டைப் பார்க்க வந்தார். எல்லாம் பார்த்துவிட்டு, கிழக்கு ரூம் ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்டார். இவர் உள்ளதைச் சொன்னார். அவர் தாடையைத் தடவிக்கொண்டு, கல்யாணத்துக்குள் மாப்பிள்ளை பேருக்கு மாற்றிவிடுங்கள், பின்னால் பேச்சு வரக்கூடாது என்றார். இவர் ஆமாங்க என்றார். அண்ணன் சொன்னதற்கெல்லாம் சொன்ன அதே ஆமாங்க.

அவர்கள் போனதும், சுகந்தியிடம் ரூமைக் கேட்காதீர்கள் என்று இவரிடம் சொன்னேன். ஒரு ரூம்தானே, அவளுக்கு வேறு ஏதாவது செய்துவிடலாம், அவள் நாமக்கல்லில் நன்றாகத்தானே இருக்கிறாள் என்றார். கார்த்தியிடம் போனில் கேட்டால், நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று நழுவினான். ஞாயிற்றுக்கிழமை சுகந்தியை வரச்சொல்லிவிட்டு, பத்திரம் எழுதுகிறவரையும் வீட்டுக்கே வரச் சொல்லியாகிவிட்டது. புடவைகூட எடுத்துவந்துவிட்டார் இவர், நங்கையா. மயில் கழுத்து நிறம். அதைப் பார்த்ததும் எனக்கு அந்த ரோஸ்மில்க் ருசி தொண்டைக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் சவரம் செய்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். எனக்குச் சண்டை போடத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். உங்களை நினைத்துக்கொண்டுதான் வாயைத் திறந்தேன்.

"புள்ளைகிட்ட கையெழுத்து வாங்கறதுன்னா வாங்கிக்குங்க. ஆனா இணைச்சீருக்கு அவளை நிக்கச் சொல்லாதீங்க. வேற ஆளைப் பாத்துக்குங்க."

இவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் சொன்னது உறைத்ததா இல்லையா என்று தெரியாமல் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

சுகந்தி வந்தாள். கோழித்தீவன மில் ஆய்வகத்தில் வேலை, முந்தின நாள் சாயங்காலம்வரை நின்றுவிட்டு, காலையில் வீட்டில் எல்லோருக்கும் சமைத்து வைத்துவிட்டு வந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எதற்கு வரச் சொன்னீர்கள் என்று அவள் கேட்க, முதலில் சாப்பிடு, அப்புறம் சொல்கிறேன் என்றார் இவர். உப்புச் சாம்பாரை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு, "அப்பா, கொஞ்சம் படுத்து எந்திரிச்சு வாரேன், அப்பறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கிழக்கு ரூமைத் திறந்தாள். உங்கள் பாயை விரித்தாள். கதவைச் சாத்தக்கூட இல்லை.

வெகுநேரம் ஆகவில்லை. குறட்டை. நங்கையா, சத்தியமாகச் சொல்கிறேன், உங்கள் குறட்டைதான் அது. அடுப்படிவரை கேட்டது.

இவருக்கும் கேட்டிருக்கிறது. எழுந்து போய் அந்த நிலைப்படியில் நின்றார். அவள் ஒரு கையைத் தலைக்குக் கீழே வைத்து, வாய் லேசாகத் திறந்து, காலை நன்றாக நீட்டிப் படுத்திருந்தாள். இவர் நின்றுகொண்டே இருந்தார். அப்போது பார்த்துப் போன் அடித்தது. பத்திரம் எழுதுகிறவர் பிரிவுக்கு வந்துவிட்டார், எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று கேட்கிறார். இவர் போனை வாயருகில் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்.

"இன்னிக்கு வேண்டாமுங்க."

வேறு எந்த நாள் வரட்டும் என்று அவர் கேட்டிருக்கவேண்டும்.

"இல்லீங்க. வேண்டாம். புள்ளை தூங்குது."

போனை வைத்துவிட்டு, கொல்லைக்குப் போய் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தினார். தொட்டி பாதிதான் நிரம்பியிருந்தது. இவர் என் பக்கம் திரும்பாமலே, பெண் வீட்டு மாமாவிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றார். எனக்குத் தெரிந்து இவர் ஒருவருக்கு முடியாது என்று சொல்லப்போவது அதுதான் முதல் தடவை. சொல்லியும் விட்டார். அவர் கொஞ்சம் முணுமுணுத்தார், கல்யாணம் நிற்கவில்லை.

சுகந்தி எழுந்து வந்து டீ கேட்டாள். என்னமோ பேசணும் என்றீர்களே அப்பா என்றாள். இவர் அந்த மயில் கழுத்துப் புடவையை எடுத்து அவள் மடியில் வைத்து, தம்பி கல்யாணத்தில் இணைச்சீருக்குக் கட்டிக்கொள்ள என்றார். நான் அடுப்படிக்குள் போய் அழுது தீர்த்தேன்.

உங்களை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கிறது நங்கையா. ஒரு வீட்டையே நிறுத்திவைத்தீர்கள், அதற்காக ஒருநாளும் எங்களிடம் சொல்லிக்காட்டியதில்லை. திட்டியவர்களைத் திருப்பித் திட்டவில்லை. வந்தீர்கள், தூங்கினீர்கள், போனீர்கள். அது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா? தெரியாமலா அந்தப் பேனாவை வாங்காமல் விட்டீர்கள்?

கல்யாணத்தன்று பெரியவரும் வருகிறார். தங்க இடம் கேட்டால் எந்த ரூமைத் தருவது என்று சுகந்திதான் சொல்லவேண்டும். அவள் அத்தை குணம் அவளுக்கு, என்ன சொல்வாளோ.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்தக் கதவுச் சாவியை இந்த வீட்டில் யாரும் சுகந்தியிடம் கேட்கமாட்டார்கள், நான் இருக்கும்வரை கேட்கவும் விடமாட்டேன். இன்னொன்றும் உண்டு. கல்யாண வேலை ஓய்ந்ததும் என் தம்பி வீட்டுக்குப் போகிறேன். போட்ட கையெழுத்து போட்டதுதான், பங்கோ ரூமோ எதையும் நான் கேட்கப்போவதில்லை. அவன் நாற்காலி எடுத்துப் போடுவான். நான் பாய் கேட்பேன். ஒரு மத்தியானம் அங்கே காலை நீட்டிப் படுத்து, காதும் தூங்குகிறதா என்று பார்த்துவிட்டு உங்களுக்குச் சொல்கிறேன்.

உங்கள் தம்பி பெண்டாட்டி,
சுகந்தி அம்மா,
உங்கள் அம்மிணி